பகல் நீண்டால் பசளி பூக்காது

“பசளிக்கு ஆரும் விதை ஊறப்போடுவினமே, பிள்ளை?” என்று தொலைபேசியில் அம்மா சிரித்தார். யாழ்ப்பாணத்தில் அப்போது சித்திரை வெயில். மொன்றியலில் என் சமையலறை யன்னலுக்கு வெளியே கறுத்துப்போன பனிக்குவியல் இன்னும் கரையாமல் கிடந்தது. உள்ளே, சூடேற்றிக்குப் பக்கத்தில், பழைய தயிர்ப் பெட்டி ஒன்றில் மிளகு போன்ற பன்னிரண்டு விதைகள் இளஞ்சூட்டில் ஊறிக்கொண்டிருந்தன.

அம்மாவின் கணக்கில் பசளி ஒரு பயிரே இல்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வழிந்தோடும் பக்கமாகத் தானாக முளைக்கும். வேலிக் கதியாலைப் பிடித்து ஏறும். கறிக்கு ஒன்றும் அகப்படாத நாளில் நாலு தண்டை முறித்துவந்து பருப்போடு போட்டால் சோற்றுக்குக் கறி ஆயிற்று. நட்டவர் இல்லை, பார்த்தவர் இல்லை. அதே கொடிக்காக நான் இங்கே வெப்பமானியைப் பார்க்கிறேன், நாட்காட்டியைப் பார்க்கிறேன், சூரியன் மறையும் நேரத்தைக்கூடக் குறித்துவைக்கிறேன்.

மினக்கேடுதான். ஆனால் ஊரில் கண்ணில் படாத ஒன்று இந்த மினக்கேட்டில்தான் தெரியவந்தது. செடிக்கு வெப்பம் வேறு, வெளிச்சம் வேறு. எங்கள் ஊரில் இரண்டும் ஆண்டு முழுக்கப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் கிடைப்பதால் எது எதைச் செய்கிறது என்று பிரித்தறிய வழியில்லை. மொன்றியல் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. வெப்பத்தை எண்ணி எண்ணிக் கொடுக்கும் இந்த நகரம், கோடைப் பகலை மட்டும் அள்ளிக் கொட்டுகிறது. அந்த நீண்ட பகலில் பசளி ஊரில் நடக்காதபடி நடந்துகொள்கிறது.

மலபார் கொடுத்த பெயர்

ஈழத்தில் பசளி. தமிழ்நாட்டில் கொடிப்பசலை. மலையாளத்தில் வசளச்சீர, வள்ளிச்சீர. கன்னடத்தில் பசளெ, தெலுங்கில் பச்சலி, சிங்களத்தில் நிவித்தி, வங்காளத்தில் புய் சாக். பிலிப்பைன்சுக்குப் போனால் அலுக்பாத்தி, வியட்நாமுக்குப் போனால் மோங் தோய். 1983-க்குப் பிறகு மொன்றியலுக்கு வந்த ஈழத்தமிழர் பலர் குடியேறிய கோத்-டெ-நெய்ஜ், பார்க்-எக்ஸ்டென்சன் பகுதிகளில் இந்த மொழிகளில் பலவும் ஒரே தெருவில் புழங்குகின்றன. பிலிப்பினோ, வங்காளி, வியட்நாமியர், தமிழர் என எல்லோரும் தங்கள் ஊர்க் கீரை என்று உரிமை கொண்டாடும் கொடி இது. கியூபெக்கின் பிரெஞ்சுக்காரருக்கோ ‘எப்பினார் த மலபார்’, அதாவது மலபார் ஸ்பினாச்.

அந்தப் பெயரில் பாதி சரி, பாதி பிழை. மலபார் சரி. 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக் கம்பனியின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலான உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு மலபாரின் செடிகொடிகளைப் பதிவுசெய்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொரு செடிக்கும் ஊர் மக்கள் வழங்கிய பெயரையே அதில் எழுதினார்கள். 1753-இல் உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் இலத்தீன் பெயர் சூட்டிய லின்னேயஸ், மலபாரார் சொன்ன அந்தப் பெயரையே எடுத்துப் ‘பசெல்லா’ ஆக்கினார். ஆக, மொன்றியல் தாவரவியல் பூங்காவின் ஆராய்ச்சியாளரும் கிணற்றடியில் நிற்கும் அம்மாவும் சொல்வது ஒரே சொல்லைத்தான். உச்சரிப்பு மட்டும் வேறு. முழுப் பெயர் பசெல்லா அல்பா. சிவப்புத் தண்டு உள்ளதும் பச்சைத் தண்டு உள்ளதும் இன்று ஒரே இனமாகவே கொள்ளப்படுகின்றன.

ஸ்பினாச் என்பதுதான் பிழை. தமிழ்நாட்டுக் கடைகளிலும் பாலக் கீரையைப் பசலை என்று விற்பதால் குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. பாலக்கும் பசளியும் ஒரே பெரும் வரிசையைச் சேர்ந்த தூரத்து உறவுகள். குடும்பம் வேறு. பசளியின் குடும்பம் மிகச் சிறியது. அதில் ஏறத்தாழ 20 இனங்களே உண்டு. அந்திஸ் மலைக்காரர் உண்ணும் ‘உல்யுக்கோ’ கிழங்கு பசளிக்குச் சித்தப்பா முறை என்றால் நம்பச் சற்று நேரமாகும்.

பாலக்கும் பசளியும் சட்டியில் ஒன்றுபோல வெந்தாலும் நிலத்தில் நேர் எதிரானவை. ஒன்று குளிருக்குப் பிறந்தது, மற்றது வெக்கைக்குப் பிறந்தது.

தேங்காயெண்ணெய் சொல்லும் பாடம்

பசளி ஏன் குளிருக்கு அஞ்சுகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. மாரிகாலத்தில் மொன்றியல் வீட்டுச் சமையலறை அலுமாரியைத் திறந்தால் போதும். தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாக உறைந்திருக்கும். பக்கத்தில் நல்லெண்ணெய் தளதளவென்று நிற்கும். இரண்டும் எண்ணெய்தான், ஒரே அலுமாரிதான். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கிய விறகுபோல நெருங்கிப் படுத்துக்கொள்ளும். நல்லெண்ணெயின் சங்கிலிகளில் ஆங்காங்கே வளைவு உண்டு. வளைந்த விறகை நெருக்கி அடுக்க முடியாது. அதனால் அது இளகியே இருக்கிறது.

உயிருள்ள ஒவ்வொரு கலத்தையும் போர்த்தியிருக்கும் மென்சவ்வும் இப்படிப்பட்ட கொழுப்பால் ஆனதுதான். அது இளகி இருந்தால்தான் அதில் பதிந்திருக்கும் புரதங்கள் வேலைசெய்யும். உள்ளே இருப்பது உள்ளேயும் வெளியே இருப்பது வெளியேயும் நிற்கும். வெப்பநாட்டுச் செடிகள் பலவற்றில் வெப்பநிலை 10, 12 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் இந்த ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. சவ்வு விறைக்கிறது, கசிகிறது. இலை வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் வாங்கிய சக்தியைச் சீனியாக மாற்றும் பட்டறை மந்தமாகிவிடும். செலவழியாத சக்தி ஒக்சிசனில் ஏறி அதை நாசகாரியாக்கும். அது பச்சையத்தையே தாக்கும். தண்ணீர் உறைய வேண்டியதில்லை, பனி விழ வேண்டியதில்லை. எங்களுக்கு இதமாகத் தோன்றும் எட்டுப் பாகைக் காலையிலேயே செடி காயப்பட்டுவிடும்.

இதில் சவ்வின் பங்கை 1992-இல் யப்பானில் நொரியோ முராதாவின் குழு அழகாகக் காட்டியது. புகையிலைச் செடிக்குள் குளிருக்கு அஞ்சும் பூசணி வகையொன்றின் மரபணுவைப் புகுத்தினார்கள். புகையிலையும் குளிருக்கு அஞ்சத் தொடங்கியது. குளிர் தாங்கும் அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுவைப் புகுத்தியபோது புகையிலையின் குளிர் தாங்கும் திறன் கூடியது. இரண்டு மரபணுக்களும் சவ்வுக் கொழுப்பில் நேர்ச் சங்கிலி எவ்வளவு, வளைந்த சங்கிலி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை. தேங்காயெண்ணெயா, நல்லெண்ணெயா என்ற அதே கேள்விதான்.

பாலக் இலையுதிர்காலத்துக் குளிரைக் கண்டதும் தன் சவ்வுகளைத் திருத்திக்கொள்ளும், கலங்களில் சீனியைச் சேர்த்துக்கொள்ளும், உறைபனியையும் சமாளிக்கும். பசளிக்கு அந்த வித்தை தெரியாது. மே மாதத்து வெயிலை நம்பி வெளியே வைத்த கன்று இரண்டே இரவுகளில் வெளிறிப்போவதை முதல் ஆண்டே கண்டேன். சங்ககாலத்தில் பிரிவுத் துயரால் மேனி நிறம் மங்குவதைப் பசலை என்றார்கள். திருக்குறளில் அதற்கென்றே ஒரு அதிகாரம் உண்டு. குளிரில் நின்ற கொடிப்பசலைக்குப் பசலை பிடித்ததைப் பார்த்தபோது, பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ என்று தோன்றியது.

வெப்பத்தைக் கூட்டிக் கணக்கிட்டால்

பயிருக்கு நாள்கணக்கு முக்கியமில்லை, வெப்பக்கணக்குத்தான் முக்கியம் என்பார்கள் வேளாண் அறிஞர்கள். ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து, செடி வளர்ச்சியை நிறுத்தும் வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது அன்றைய வரவு. பசளி போன்ற செடிக்கு அந்த அடிமட்டத்தை 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் சராசரி 28 பாகை. ஒரு நாள் வரவு 18. மொன்றியலில் மே மாதச் சராசரி 14 பாகை அளவு. ஒரு நாள் வரவு வெறும் 4. யூன் 19, யூலை 22, ஓகஸ்ட் 21, செப்ரெம்பர் 16 என்று ஏறி இறங்குகிறது.

ஐந்து மாதத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 1,300 வரும். யாழ்ப்பாணத்தில் அதே 1,300-ஐச் சேர்க்க எழுபத்திரண்டு நாள் போதும். மொன்றியலின் ஒரு முழு வளர்பருவமும் யாழ்ப்பாணத்தின் இரண்டரை மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. வங்கிக் கணக்கில் இவ்வளவுதான் பணம் என்றால் சில்லறையையும் வீணாக்க முடியாது. அதனால்தான் ஏப்ரலில் வீட்டுக்குள் விதை ஊறுகிறது. அதனால்தான் கறுப்புச் சாடி, தெற்குப் பார்த்த செங்கல் சுவர் என்று ஆளாளுக்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். பகலில் சூடேறும் சுவர் இரவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

இந்தச் செங்கலின் வெப்பத்துக்கு மறுபக்கமும் உண்டு. மரநிழல் குறைந்து, கட்டடம் நெருங்கி, தார் பரந்த பார்க்-எக்ஸ்டென்சன் நகரின் மிகச் சூடான பகுதிகளில் ஒன்று. 2018 யூலை 2-ஆம் தேதி மொன்றியலில் 36.6 பாகை பதிவானது. அந்த வெக்கையில் குளிரூட்டி இல்லாத வீடுகளில் முதியவர்கள் இறந்துபோனார்கள். கொடிக்கு வரமாக வரும் சூடு மனிதருக்குச் சாபமாகவும் வரும். பல்கனிக் கம்பி முழுக்கப் பசளி படர்ந்தால் யன்னலுக்குக் கொஞ்சம் நிழல் விழும், இலையிலிருந்து ஆவியாகும் நீர் பக்கத்துக் காற்றைச் சற்றுக் குளிர்விக்கும். பெரிய தீர்வு இல்லை என்றாலும், உண்ணக்கூடிய நிழல் கெட்டதொன்றும் இல்லை.

பகலை அளக்கும் இலை

இனி வெளிச்சத்துக்கு வருவோம். பசளியின் கதையில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

1920-இல் அமெரிக்க வேளாண் திணைக்களத்தில் கார்னர், அலார்ட் என்ற இருவர் ஒரு விநோதமான புகையிலை இரகத்தோடு மல்லாடினார்கள். அது கோடை முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போனது, பூக்கவில்லை. மாரியில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சிறிய செடியிலேயே பூத்தது. வெப்பம், தண்ணீர், பசளை என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துத் தோற்றபின், கோடையில் செடியைச் சில மணி நேரம் முன்னதாகவே இருட்டறைக்குள் தள்ளினார்கள். பூத்துவிட்டது. செடி பகலின் நீளத்தை அளக்கிறது என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. பகல் குறுகினால் பூப்பவை குறும்பகல் செடிகள். பகல் நீண்டால் பூப்பவை நெடும்பகல் செடிகள். உண்மையில் செடி அளப்பது பகலை இல்லை, இடைவிடாத இரவின் நீளத்தையே என்று 1938-இல் ஹாம்னரும் பொன்னரும் கண்டார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைப் போட்டாலே குறும்பகல் செடி ஏமாந்து பூக்காமல் நின்றது.

அளப்பது இலை. பூப்பது தண்டின் நுனி. இலையில் உண்டாகும் ஒரு சிறு புரதம் சாற்றோடு நுனிக்குப் போய்ச் ‘சரி, பூ’ என்று செய்தி சொல்கிறது. அந்தப் புரதத்தை ஆய்வாளர்கள் கையும் களவுமாகப் பிடித்தது 2007-இல்தான்.

பசளி ஒரு குறும்பகல் செடி. பகல் ஏறத்தாழ 13 மணி நேரத்தைத் தாண்டினால் அது பூக்காது. இரகத்துக்கு இரகம் இந்த எல்லை சற்று மாறலாம். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிட அளவுதான். 13 மணி நேரப் பகல் என்ற ஒன்றை அந்த மண் கண்டதே இல்லை. சென்னையும் அதைத் தொடுவதில்லை. ஆகவே நம் ஊர்ப் பசளிக்குப் பூக்கத் தடை எந்த மாதத்திலும் இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் இலைக்கக்கத்தில் மொட்டு, பிறகு கருநீலப் பழம், பிறகு சிறுத்த இலை. பூக்கத் தொடங்கிய கொடி தன் சம்பாத்தியத்தை விதைக்குத் திருப்பிவிடும். கிணற்றடிப் பசளியில் எப்போதும் பழமும் இலையும் கலந்தே இருப்பதன் காரணம் இதுதான்.

மொன்றியல் 45.5 பாகை வடக்கே இருக்கிறது. யூன் 21 அளவில் பகல் 15 மணி 40 நிமிடம். ஏப்ரல் முதல் வாரமே பகல் 13 மணியைத் தாண்டிவிடுகிறது. செப்ரெம்பர் முதல் வாரத்தில்தான் திரும்பவும் அதற்குக் கீழே இறங்குகிறது. பசளி வெளியே நிற்கும் கோடை முழுவதும் அதன் இலைகளுக்கு ‘இன்னும் காலம் இருக்கிறது’ என்ற ஒரே செய்திதான். மொட்டு இல்லை, பழம் இல்லை. உள்ளங்கையளவு இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். வெப்பத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கால் தூசு பெறாத இந்த நகரம், கீரைக்காகவே வளர்ப்பவருக்கு ஊர் தராத ஒன்றைத் தருகிறது. முதுமையே தெரியாத கொடி.

இதே பகல் பாலக்கை என்ன செய்கிறது பாருங்கள். அது நெடும்பகல் செடி. யூன் வந்ததும் தண்டை நீட்டிப் பூத்துவிடும், இலை சுருங்கும். கோடையின் உச்சத்தில் கீரைப் பாத்தி வெறுமையாகக் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தைத்தான் பசளி நிரப்புகிறது. இரண்டும் ஒரே நாட்காட்டியை எதிர்எதிராகப் படிக்கின்றன.

கொடுத்ததற்கு விலையும் உண்டு. செப்ரெம்பரில் பகல் குறுகியதும் பசளி அவசரமாக மொட்டு வைக்கும். ஆனால் அதற்குள் இரவு குளிர்ந்துவிடும். பழம் திரண்டு கறுப்பதற்குள் ஒக்ரோபரின் முதல் உறைபனி வந்து ஒரே இரவில் கொடியை அவித்துவிடும். நல்ல சுவரோரத்தில், நல்ல ஆண்டில், நாலு பழம் கறுத்தால் அதிர்ஷ்டம். இலை நிறையத் தந்த பகலே விதையைத் தராமல் பிடித்துக்கொள்கிறது.

சிவப்புத் தண்டின் இரகசியம்

அந்த நாலு பழம் கிடைத்தால் நசுக்கிப் பாருங்கள். கை முழுக்க அடர்ந்த ஊதாச் சிவப்பு. சிறுவயதில் அதை மையாகப் பாவிக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் குறைவு. சீனாவில் பெண்கள் கன்னச் சிவப்புக்கு இதைப் பூசியதுண்டு. சாறு நிறைந்த அந்தச் சதை உண்மையில் பழத்தோல்கூட இல்லை. பூவின் இதழ்கள்தான் உதிராமல் தடித்து விதையைப் போர்த்திக்கொள்கின்றன.

நாவற்பழம், கத்தரி, செம்பருத்தி, சிவப்புக் கோவா என நாம் காணும் சிவப்பு, ஊதா நிறங்களில் பெரும்பாலானவை அன்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. பசளியின் சிவப்பு அந்த வகை இல்லை. அது பீற்றாலெயின் என்ற வேறு குடும்பம், நைதரசன் கொண்ட நிறமி. பீற்றூட், சிவப்புத் தண்டுக்கீரை, கடதாசிப்பூ, டிராகன் பழம் எல்லாம் பசளியின் பெரும் வரிசையைச் சேர்ந்த சொந்தங்கள், எல்லாவற்றிலும் இதே நிறமிதான். பசளிப் பழத்தின் முக்கிய நிறமிக்குக் கொம்ப்ரெனின் என்று பெயர். அந்தப் பெயர் வாடாமல்லியின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஒரு செடி அன்தோசயனினைச் செய்யும், அல்லது பீற்றாலெயினைச் செய்யும். இரண்டையும் இயல்பாகச் செய்யும் செடி ஒன்றுகூட இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். சிவப்புக் கோவாச் சாற்றில் தேசிக்காய் பிழிந்தால் ரோசாவாக மாறும், அப்பச்சோடா போட்டால் நீலமாகும். பசளிப் பழச்சாற்றில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பெரிதாக அசையாது. ஒரே சிவப்பு என்று கண் சொன்னதை, தேசிக்காய் இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும்.

சட்டிக்குள்

நூறு கிராம் பச்சைப் பசளியில் சக்தி 19 கலோரிதான். விற்றமின் சி 102 மில்லிகிராம், கல்சியம் 109 மில்லிகிராம், போலேற்று 140 மைக்ரோகிராம் அளவில் உண்டு. விற்றமின் ஏ-யாக மாறும் கரற்றீனும் நிறைய உண்டு.

கீரையில் கரற்றீன் இருப்பது வேறு, அது உடலில் சேர்வது வேறு. அதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. வங்கதேசத்து ஆண்களுக்கு 60 நாள் தினமும் அவித்து மசித்த புய் சாக், அதாவது எங்கள் பசளியே, கொடுக்கப்பட்டது. இன்னொரு குழுவுக்கு வற்றாளங்கிழங்கு. இரு குழுவினரின் உடலிலும் விற்றமின் ஏ-யின் சேமிப்புக் கூடியது. வில்லைக்குப் பதிலாக வேலியோரக் கொடி செய்யக்கூடிய வேலை இது. கரற்றீன் கொழுப்பில் கரைவது. பசளியைத் தேங்காய்ப்பாலில் வைத்த எங்கள் பாட்டிமாருக்கு வேதியியல் தெரியாது, ருசி தெரிந்திருந்தது.

பசளியின் வழுவழுப்பு சிலருக்குப் பிடிக்காது. அது நீரைப் பிடித்துவைக்கும் பெரிய காபோவைதரேற்று மூலக்கூறுகளின் வேலை. வெண்டிக்காயிலும் உள்ளது அந்த வகைதான். நீண்ட நேரம் கொதித்தால் அது குழம்பில் இறங்கிக் கறியைத் தடிப்பாக்கும். பருப்புக்கும் வியட்நாமியரின் இறால் சூப்புக்கும் அது வேண்டியது. வேண்டாம் என்பவர் கடைசி இரண்டு நிமிடத்தில் இலையைப் போட்டு இறக்கிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பாலக்கைப் போலவே பசளியிலும் ஒக்சலேற்று உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவோடு உண்ண வேண்டும். நிறைய நீரில் அவித்து வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும், கூடவே விற்றமின் சி-யும் கொஞ்சம் போகும். குருதி உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கோடையில் கொடி அள்ளித் தருகிறது என்று தினமும் கீரை சமைக்க முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது.

பல்கனிப் பஞ்சாங்கம்

மொன்றியலில் நிலமில்லாதவர்க்கும் தோட்டம் உண்டு. 1975-இல் தாவரவியல் பூங்காவில் இருந்த பியேர் பூர்க் தொடக்கிவைத்த சமூகத் தோட்டத் திட்டத்தில் நகரெங்கும் பாத்திகள் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. அவரே பின்னாளில் நகரத் தலைவரும் ஆனார். பாத்தி கிடைக்கச் சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை பல்கனி போதும். பசளிக்குப் பரப்பு வேண்டாம், உயரம்தான் வேண்டும்.

ஏப்ரல் நடுப்பகுதியில் விதையின் ஓட்டை மணற்தாளில் ஒருமுறை உரசி, ஒரு இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். மண் 25 முதல் 30 பாகைச் சூட்டில் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். சூடேற்றிக்குப் பக்கம் நல்ல இடம். மே மாதக் கடைசியில், தேசபக்தர் தின விடுமுறையோடு, கியூபெக் முழுக்கத் தக்காளிக் கன்றுகள் வெளியே வரும். பக்கத்துப் பல்கனியைப் பார்த்து நீங்களும் அவசரப்படவேண்டாம். இரவு வெப்பநிலை 12, 13 பாகைக்குக் கீழே போகாத யூன் இரண்டாவது வாரம் வரை பசளி உள்ளேயே இருக்கட்டும்.

சாடி 20 லீற்றராவது கொள்ள வேண்டும். மண் காயவிடக் கூடாது. கிணற்றடியை நினைவில் வைத்துக்கொண்டால் சரி. இலைக்காக வளர்ப்பதால் நைதரசன் நிறைந்த பசளை வேண்டும். ஈழத்தமிழில் பசளிக்குப் பசளை போடுவது என்று சொல்லிப் பார்ப்பதே ஒரு சந்தோசம். கொடி ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிள்ளிய நுனி அன்றைய கறிக்கு.

ஏறுவதற்குப் பருத்த தூணைக் காட்டாதீர்கள். பசளிக்குப் பாகல்போலப் பற்றுக்கம்பி இல்லை. தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். இளநுனி காற்றில் வட்டமிட்டுத் தேடும். சார்ள்ஸ் டார்வின் நோயில் படுத்திருந்தபோது அறையில் ஹொப்ஸ் கொடியின் நுனியைப் பார்த்துக்கொண்டே கிடந்து, வெயில் நாளில் அது ஒரு சுற்றுச் சுற்றச் சராசரி 2 மணி 8 நிமிடம் எடுக்கிறது என்று குறித்தார். 1865-இல் ஏறுகொடிகள் பற்றி ஒரு நூலே எழுதினார். ஒரு விரல் தடிப்புக்கு மேற்படாத கயிறோ தடியோ கட்டிவிட்டு, பசளி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று நீங்களும் பாருங்கள். ஒரு கொடி தன் பக்கத்தை மாற்றுவதில்லை. கையால் மறுபக்கம் சுற்றிவிட்டாலும் அவிழ்ந்து தன் வழியே போகும்.

செப்ரெம்பர் கடைசியில் குளிர் வருமுன்னர் கணுவுள்ள தண்டு ஒன்றை ஒரு சாண் அளவுக்கு வெட்டித் தண்ணீரில் வையுங்கள். சில நாளிலேயே கணுவில் வேர் விடும். அதைச் சாடியில் ஊன்றி யன்னலோரம் வைத்தால் மாரியைக் கடத்தலாம். டிசம்பரில் மொன்றியலின் பகல் 8 மணி 42 நிமிடம்தான். கொடி உடனே பூக்கப் பார்க்கும். மாலையில் விளக்கைப் போட்டுப் பகலைப் பதினான்கு மணி நேரத்துக்கு நீட்டினால் இலையோடு நிற்கும். வெளியே இடுப்பளவு பனி. உள்ளே ஒரு மேசை விளக்கின் கீழ் ஆனி மாதம்.

ஒக்ரோபரில் கொடியை அறுத்துக் கடைசிக் கீரைக்கறி வைத்த அன்று அம்மாவிடம் சொன்னேன், கோடை முழுக்க இலை, ஒரு பழம்கூடக் கறுக்கவில்லை என்று.

“பூக்காத பசளியோ? அப்ப அடுத்த வருசத்துக்கு விதை?”

கண்ணாடிக் குவளையில் வேர்விட்டு நிற்கும் தண்டைப் பற்றிச் சொன்னேன். விளக்கைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“இஞ்சை கிணத்தடி முழுக்கப் பழுத்துக் கொட்டுண்டு கிடக்குது,” என்றார் அம்மா. “ஆரும் பொறுக்கிறேல்லை.”